ஒட்டும் ஒப்பமும்

ஆசிரியர்களுக்குச் சிவப்பு மையின்மீது ஒரு தனிப் பற்று உண்டு. நானும் 35 ஆண்டுகள் அந்த மையைச் செலவிட்டவன். பிறர் எழுத்தைத் திருத்துவது எளிது. நன்றாகத் திருத்துவது அரிது. ஓய்வு பெற்ற பின்னர் இதனை எனக்கு உணர்த்தியவர் என் பழைய மாணவர் ஒருவர். அவர் இன்று கணிப்பொறித் துறையில் பொறியாளராய் விளங்குகின்றார். அவருடைய பணியைப் பற்றியே இன்று நேயர்களிடம் பேச விழைகின்றேன்.

கணிப்பொறியின் உறுப்புகள் அனைத்தையும் ஆளும் அடிப்படை நிரலுக்குக் கர்னல் என்று பெயர். 'லினக்ஸ்' என்னும் கர்னலை 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கினார். அது ஒரு திறந்த ஏடு. யாரும் படிக்கலாம், யாரும் திருத்தம் கூறலாம். கணிப்பொறியை வலைப்பின்னலோடு இணைக்கும் அட்டைகளைப் பல நிறுவனங்கள் பல விதமாய்ச் செய்கின்றன. அட்டைக்கும் கர்னலுக்கும் இடையே துபாஷி போல நின்று, ஒன்றன் மொழியை மற்றொன்றுக்கு எடுத்துரைக்கும் பகுதியே 'டிரைவர்' எனப்படுவது. துபாஷி தடுமாறினால் அரசவை என்னாகும்? டிரைவர் தடுமாறினால் செய்தி போய்ச் சேராது. சில வேளைகளில் கணிப்பொறியே நின்றுவிடும்.

இத்தகைய பிழையை நீக்க எழுதப்படும் திருத்தத்தைப் 'பேட்ச்' என்பர். கிழிந்த துணிக்கு இடும் ஒட்டு என்றே நாம் கொள்ளலாம். எழுதியவர் தாமே அதனைக் கர்னலில் ஒட்டிவிட இயலாது. பலரும் காணும் வண்ணம் மின்னஞ்சலில் அனுப்புதல் வேண்டும். இருக்கும் பிழையைத் தீர்ப்பதாயின் தலைப்பில் 'நெட்' என்றும், புதிய வசதியைச் சேர்ப்பதாயின் 'நெட்-நெக்ஸ்ட்' என்றும் குறித்தல் வேண்டும். ஒவ்வொரு பதிப்புக்கும் புதியன சேர்க்கப்படும் இரண்டு வார காலத்தில் இரண்டாவது வாயில் அடைக்கப்பட்டிருக்கும். ஒரு தொகுப்பில் 15 ஒட்டுகளுக்கு மேல் அனுப்புதல் முறையன்று. ஓர் ஒட்டு ஒரு செயலையே செய்தல் வேண்டும். பிழையை நீக்குவதாயின், எந்தப் பழைய மாற்றத்தால் அப்பிழை புகுந்தது என்பதையும் சுட்டிக்காட்டுதல் வேண்டும்.

குறை கூறப்பட்டால் திருத்தி மீண்டும் அனுப்பலாம். ஆனால் 24 மணி நேரமாவது பொறுத்திருத்தல் வேண்டும். உலகின் ஒரு பாதியில் பகலாயின் மறு பாதியில் இரவன்றோ? எல்லா நாட்டாரும் படித்துக் கருத்துரைக்க இடம் தருவதே இவ்விதியின் நோக்கம்.

இவற்றினும் என் உள்ளத்தைக் கவர்ந்தது ஒப்பமிடும் வழக்கம். 2004-ஆம் ஆண்டு முதல் ஒவ்வோர் ஒட்டின் அடியிலும், 'இதனை அளிக்கும் உரிமை எனக்கு உண்டு' என்னும் பொருளில் எழுதியவர் தம் பெயரை இடுகின்றார். படித்து ஆராய்ந்து ஏற்றவரும் தம் பெயரை இடுகின்றார். பின்னொரு நாள் பிழை வெளிப்பட்டால் இருவர் பெயரும் அங்கே நிலைத்திருக்கும். திருத்துவோனுக்கும் பொறுப்பு உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

என் மாணவர் அனுப்பிய முதல் ஒட்டு திரும்பி வந்தது. அட்டையை நிறுத்தும்போது கணிப்பொறி எப்போதேனும் ஒரு முறை நிலைகுலைந்தது. இவர் ஓரிடத்தில் சிறிது நேரம் காத்திருக்குமாறு எழுதினார், குறை மறைந்தது. ஆய்ந்தவரோ, "குறை ஏன் மறைந்தது?" என்று ஒரே கேள்வி கேட்டிருந்தார். "குறை போயிற்றே, இன்னும் என்ன வேண்டுமாம், ஐயா?" என்று இவர் என்னிடம் வருந்தினார். பின்னர் இரண்டு வாரம் தேடிக் காரணத்தைக் கண்டார். வரும் செய்திகளை வைக்கும் நினைவிடத்தை முதலில் விடுவித்து, அட்டையின் அழைப்பைப் பின்னரே நிறுத்தியிருந்தனர். வீட்டை இடித்த பிறகு விருந்தினரை வரவேண்டாம் என்று சொன்னாற்போல! வரிசையை மாற்றினார், காரணத்தையும் விளக்கி எழுதினார். ஒட்டு ஏற்கப்பட்டது.

காரணம் காணாத திருத்தம் எத்துணைத் தீங்கானது என்பதற்கு 2008-ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று சான்று. லினக்ஸ் 2.6.27-இன் சோதனைப் பதிப்புகளை இயக்கியவர் சிலரின் இன்டெல் வலைப்பின்னல் அட்டைகள் பழுதுற்றன. அட்டையின் நிலையான நினைவகமே அழிந்திருந்தது. 'ஈ-1000-ஈ' என்னும் டிரைவர் மீதே ஐயம் சென்றது. மேலும் அழியாதவாறு முதலில் அந்நினைவகத்துக்குப் பூட்டு இட்டனர். ஆயினும் தேடலை நிறுத்தவில்லை. இறுதியில் குற்றவாளி வேறென்று தெரிந்தது. கர்னலின் செயல்களைப் பின்தொடர்ந்து குறிக்கும் 'எஃப்டிரேஸ்' என்னும் பகுதி, தான் முன்னர்க் குறித்து வைத்த முகவரிகளில் எழுத முற்பட்டது. அதற்குள் அம்முகவரிகள் அட்டையின் நினைவகத்துக்கு உரியனவாய் மாறியிருந்தன! அவ்வாண்டு அக்டோபரில் அவ்வசதியைச் செயலற்றதாக்கினர்.

இதனைக் கேட்டபோது என் நெஞ்சு உறுத்திற்று. முன்னொரு காலத்தில் இரு மாணவர் விடைத்தாள்கள் ஒன்றுபோல் இருந்தன. படிப்பில் பின்தங்கியவனே பார்த்து எழுதினான் என்று முடிவு செய்து அவனைத் தண்டித்தேன். ஆண்டு முடிவில் மற்றவன் வந்து, பார்த்து எழுதியவன் தானே என்று ஒப்புக்கொண்டான். ஏன் என்று கேட்க அன்று என்னிடம் பத்து நிமிடம் இல்லாமற் போயிற்று. தண்டனை பெற்றவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலை குனிந்தவாறே கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆசிரிய நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. சிவப்புக் கோட்டின் பக்கத்தில் காரணத்தை ஒரு வரி எழுதுங்கள். அதன்கீழ் உங்கள் பெயரையும் இடுங்கள். நான் 35 ஆண்டுகளில் அதனைச் செய்தேனில்லை. நீங்கள் செய்யலாம்.