உறக்கத்தில் தடைபடும் மூச்சு

குறட்டையை நல்லுறக்கத்தின் அடையாளமாகக் கருதுவோர் பலர். கும்பகருணனின் உறக்கத்தைச் சொல்லிச் சிரிக்கும் நாம், குறட்டைவிடுவோர் பகலிலும் கண்ணயர்வது ஏன் என எண்ணுவதில்லை. யானும் அறுபது ஆண்டுவரை எண்ணினேன் அல்லேன். புளியந்தோப்பில் எம் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்கு நன்னூல் சொல்லுகையிலேயே உறங்கிவிடுவேன், பிள்ளைகள் நகைப்பர். இரவில் என் மூச்சு நின்று நின்று வருவதைக் கண்டு அஞ்சிய என் மனைவியாரே என்னை மருத்துவரிடம் அனுப்பினார்.

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்வது இயல்பு. சிலர்க்கு அடிநாக்கும் மென்மையான அண்ணமும் பின்சாய்ந்து காற்றுவழியை அடைத்துவிடும். மார்பு முயன்றும் காற்று உட்புகாது. குருதியில் உயிர்வளி குறையவே, மூளை திடுக்கிட்டு உறங்குவோரைக் கணப்பொழுது எழுப்பும், வழி திறக்கும், மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. விடிந்தபின் இவையொன்றும் நினைவில் இரா. மூச்சு 10 நொடியேனும் நின்றால் அதனை ஒரு தடையாகக் கணக்கிடுவர். மணிக்கு 30 தடையும் அதற்கு மேலும் கடுமையான நோய். எனக்கு 34. குருதிக் கொதிப்பும் இதனோடு சேர்ந்து வருவதுண்டு. “வண்டி ஓட்டுவீர்களா?” என்பதே மருத்துவர் கேட்ட முதல் வினா. துறைமுகத்துக்கு இரவெல்லாம் சரக்குந்து ஓட்டுவோரை நினைத்துக்கொண்டேன்.

அவர் எழுதித் தந்தது சிபேப் என்னும் பொறி. அது தோன்றிய வரலாறு அறியத்தக்கது. முன்னாளில் இந்நோய் முற்றியவர்க்குக் கழுத்தில் துளையிட்டு மூச்சுவிடச் செய்தனர். 1980-இல் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்னும் மருத்துவர், மூக்கின் வழியே இடையறாது காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கலாம் எனக் கண்டார். மறு ஆண்டு அதனை வெளியிட்டார். காற்றே முட்டுக்கொடுக்கும் தூணாகிறது. அதன் அழுத்தமும் பெரிதன்று. நீரில் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ள அளவே பலர்க்குப் போதும்.

ஆயினும் முதல் இரவில் ஒரு நாழிகையும் பொறுத்தேனில்லை. 1996-இல் மூடப்பட்ட பக்கிங்காம் கர்நாடிக் ஆலையின் இரைச்சலில் வளர்ந்த எனக்குப் பொறியின் ஓசை பொருட்டன்று. மூச்சை வெளிவிடுகையில் எதிரே காற்று தள்ளியது, மூக்கு வறண்டது, கவசத்தின் ஓரத்தே கசிந்த காற்று கண்ணை உறுத்தியது. பத்தாம் நாள் பொறி பரணேறியது.

வேறு வழி உண்டா என்று மருத்துவரைக் கேட்டேன். கீழ்த்தாடையை முன்தள்ளிப் பிடிக்கும் பற்கருவி ஒன்று உண்டு. ஆனால் அதனைத் தாங்க உறுதியான பற்கள் வேண்டும். எனக்கு எஞ்சியவை நான்கே. பருத்தவர் உடல் இளைத்தால் நோய் தணியும்; யானோ முன்னமே மெலிந்தவன். நாக்கின் நரம்பைத் தூண்டும் கருவியை உடலுள் பொருத்தும் முறைக்கு 2014-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அறுவைக்கு என் மனம் ஒருப்படவில்லை.

மருத்துவர் கடிந்துகொள்ளாது, மூக்கை மட்டும் மூடும் சிறு கவசத்துக்கு மாற்றினார். காற்றை ஈரமாக்கும் வெந்நீர்க் கலம் சேர்த்தார். அழுத்தம் மெல்லத் தொடங்கி ஏறுமாறு அமைத்தார். பகலில் செய்தித்தாள் படிக்கும்போதும் அணிந்து பழகச் சொன்னார். யானையின் துதிக்கை என்று பேரன் கைகொட்டினான். இரண்டு திங்களில் ஐந்து மணி நேரம் அணிந்து உறங்கலானேன். திண்ணையில் கண்ணயர்வதும் குறைந்தது.

மின்சாரம் நின்ற இரவுகளில் என் குறட்டை கேட்டு முதலில் விழிப்பவர் என் மனைவியாரே. கவசத்தைக் கழற்றி, என்னை ஒருக்களித்துப் படுக்கச் செய்து, மின்விசிறி மீண்டும் சுழலும்வரை அருகே அமர்ந்திருப்பார்.