பாட்டிக்குப் பைத்தியமில்லை! பள்ளிப் பிள்ளைகளுக்கும் மறதி நோயைச் சொல்லிக் கொடுப்போம்



வயதானவர்களுக்கு வரும் மறதி நோயைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எதற்காகச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். "சின்னப் புள்ளைங்களுக்கு இதெல்லாம் என்னா தெரியும்?" என்பார்கள். நாம் வேறு ஒரு கேள்வி கேட்போம். பெரட்டுக்குப் போன தாய் தகப்பன் வீடு திரும்பும் வரையில் அந்த முதியவரோடு வீட்டில் இருப்பது யார்? பள்ளி விட்டு வந்த பிள்ளைதான். கூலாய், ரெங்கம், குளுவாங், லாபிஸ், சிகாமட் என்று ஜோகூரின் எந்தப் பக்கத்துத் தோட்டமானாலும் இதே கதைதான். தோட்டத்தை விட்டுத் தாமானுக்கும் மலிவு விலை அடுக்குமாடிக்கும் குடிபோன குடும்பங்களிலும் இதே கதைதான். விடியுமுன் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் கேட்கவே வேண்டாம்.

ஆகவே மாற்றத்தை முதலில் காண்பது பிள்ளைதான். சோறு போட்டுக் கொடுத்த பாட்டி, கால் மணி நேரம் கழித்து "சாப்பிட்டியா கண்ணு?" என்று மறுபடியும் கேட்பதைப் பார்க்கிறது. அடுப்பில் வைத்த கஞ்சி கருகுவதைப் பார்க்கிறது. கடைக்குப் போன தாத்தா, பத்து வெள்ளி நோட்டு எது, ஐம்பது வெள்ளி நோட்டு எது என்று தெரியாமல் நிற்பதையும் பார்க்கிறது. ஆனால், பார்த்ததற்குப் பெயர் தெரியாது. சிரிக்கும், இல்லாவிட்டால் பயப்படும். பெரியவர்களிடம் சொன்னாலோ, "வயசானா அப்படித்தான், நீ போய்ப் படி" என்று பதில் வரும். இப்படியே இரண்டு மூன்று வருஷம் ஓடிப்போகிறது.

வயதானால் கொஞ்சம் மறதி வருவது இயற்கை. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது நோயல்ல. கண்ணாடி எதற்கு என்பதே விளங்காமல் போனால் அது நோய். டாக்டர்கள் இதை டிமென்ஷியா என்கிறார்கள். மூளையின் உயிரணுக்கள் கெட்டுப்போவதால் நினைவு, பேச்சு, கணக்கு, வழி, குணம் எல்லாம் சிறுகச் சிறுகப் பாதிக்கப்படும் நிலை இது. இதற்குக் காரணமாகும் நோய்கள் பல. 100 பேரில் 60 முதல் 70 பேருக்கு வருவது அல்ஸைமர் நோய். 1906-ல் ஜெர்மானிய டாக்டர் அலோய்ஸ் அல்ஸைமர், இறந்துபோன ஒரு பெண்மணியின் மூளையைச் சோதித்து இதை முதன்முதலாக விளக்கினார். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் அடைபடுவதாலும் இந்நிலை வரும். இரத்தக் கொதிப்பையும் இனிப்பு நீரையும் கவனிக்காமல் விட்டவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பால்வெட்டை விட்டு இருபது வருஷமான தாத்தா, விடியற்காலை 4 மணிக்கு எழுந்து "கத்தி எங்கே, மங்கு எங்கே" என்று தேடுவார். நேற்று நடந்தது அழிந்துவிடும், நாற்பது வருஷத்துக்கு முந்தியது நிற்கும். பொழுது சாயும் நேரத்தில் சொந்த வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு "வீட்டுக்குப் போகணும்" என்று அடம் பிடிப்பதும் உண்டு. தோட்டைக் காணோம், மருமகள்தான் எடுத்தாள் என்று பழி போடுவதும் இந்நோயின் குணமே. பாட்டி தானே பத்திரமாக ஒளித்து வைத்துவிட்டு மறந்திருப்பார். இந்த ஒரு விஷயம் தெரியாமல் உடைந்த குடும்பங்கள் எத்தனை!

நம்மிடையே இதற்கு வழங்கும் பெயர்களைப் பாருங்கள். "புத்தி பேதலிச்சுப் போச்சு", "லூசு", மலாய்க்காரர் பேச்சிலிருந்து எடுத்துக்கொண்ட "ஞாஞோக்". ஜோகூர்க்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு: "தம்போய்க்குத்தான் அனுப்பணும்." 1937-ல் தம்போயில் திறக்கப்பட்ட மனநோய் மருத்துவமனை இன்று பெர்மாய் மருத்துவமனை என்ற பெயரில் நடக்கிறது. அது நோயாளிகளைக் கவனிக்கும் இடம். அந்த ஊர்ப் பெயரைக் கேலிச் சொல்லாக்கியவர்கள் நாம். அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் பல வீடுகளில் முதியவரை எந்த டாக்டரிடமும் காட்டாமல் கதவைச் சாத்தி வைக்கிறார்கள். செய்வினை என்று கோழி அறுப்பாரும் உண்டு. சாமி கும்பிடுவதை நாம் குறை சொல்லவில்லை. கோயிலுக்குப் போன கால் கிளினிக்குக்கும் போகட்டும் என்கிறோம்.

ஒரு காலத்தில் மலேரியாக் காய்ச்சல் தோட்டங்களில் ஆட்களை வாரிக்கொண்டு போனது. அதை ஒரு வீட்டுக்காரர் தனியாகக் கொசு அடித்து விரட்டவில்லை. வடிகால் வெட்டி, மருந்தடித்து, ஊரே சேர்ந்து செய்ததால்தான் அது அடங்கியது. மறதி நோயும் இப்போது அப்படிப்பட்ட பொதுச் சுகாதார விஷயமாகிவிட்டது. 2018-ல் நம் நாட்டில் நடத்திய தேசிய சுகாதார ஆய்வில், 60 வயதைக் கடந்தவர்களில் 100-க்கு 8.5 பேரிடம் இந்நிலை தென்பட்டது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடம் அது கூடுதலாக இருந்தது. இதைத் தோட்டத்து மக்கள் நின்று யோசிக்க வேண்டும். நம் பாட்டிமார்களில் எத்தனை பேரைப் பள்ளிக்கு அனுப்பினார்கள்? தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள வைத்தார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் மரத்தடிக்கு அனுப்பினார்கள். இளமையில் பெறும் கல்வி மூளைக்குச் சேமிப்புப் பணம் மாதிரி என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். அந்தச் சேமிப்பு அவர்களுக்கு மறுக்கப்பட்டது. இப்போது முதுமையில் அதற்கும் சேர்த்து விலை கொடுக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க முடியுமா என்றால், முடியும் என்று காட்டிய ஊர் ஒன்று இருக்கிறது. அதுவும் நம்மைப் போன்ற தொழிலாளர்களின் ஊர். ஜப்பானின் தெற்கே ஓமுத்தா என்ற நகரம். மீகே நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த ஊர் அது. ஆட்குறைப்பை எதிர்த்து 1960-ல் அங்கே தொழிலாளர்கள் மாதக்கணக்கில் நடத்திய போராட்டம் ஜப்பானியத் தொழிற்சங்க வரலாற்றில் பேர்பெற்றது. 1963-ல் சுரங்கம் வெடித்து 458 பேர் மாண்டார்கள். விஷப்புகையை மூச்சிழுத்துப் பிழைத்த நூற்றுக்கணக்கானோரில் பலருக்கு மூளை பாதித்து, நினைவு தடுமாறியது. 1997-ல் சுரங்கம் மூடப்பட்டது. இளைஞர்கள் வேலை தேடி வெளியேற, வயதானவர்கள் மிஞ்சினார்கள். இன்று அந்த ஊரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய்விட்ட நம் தோட்டங்களுக்கு இந்தக் கதை புதிதல்ல.

அவர்கள் என்ன செய்தார்கள்? மறதி நோய் கண்ட முதியவரைப் பற்றிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு படக்கதைப் புத்தகம் தயாரித்தார்கள். 2004 முதல் ஆரம்பப் பள்ளியிலும் இடைநிலைப் பள்ளியிலும் அதை வாசித்துக் காட்டி, "உங்கள் வீட்டுத் தாத்தாவாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று பேச வைத்தார்கள். அதே ஆண்டு ஊரின் ஒரு பகுதியில் ஒரு பயிற்சியையும் தொடங்கினார்கள். வழி தவறிய முதியவர் போல ஒருவர் தெருவில் நடப்பார். செய்தி கிடைத்தவர்கள் அவரைத் தேடிக் கண்டுபிடித்து மரியாதையாகப் பேச்சுக் கொடுக்க வேண்டும். கடைக்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் இதில் சேர்ந்துகொள்வார்கள். பிறகு இது நகரம் முழுதும் பரவியது. தீயணைப்புப் பயிற்சி நடத்துவது மாதிரிதான்!

ஜப்பான் அரசாங்கமும் 2004-ல் ஒரு காரியம் செய்தது. அதுவரை இந்நோய்க்கு அங்கே வழங்கிய சொல்லில் "மடமை" என்ற பொருள் கலந்திருந்தது. அதை நீக்கி, "அறியும் திறன் குறைவு" என்ற பொருளில் வேறு பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டு முதல் சாதாரண மக்களுக்கு 90 நிமிஷ வகுப்பு நடத்தினார்கள். இதுவரை ஒரு கோடிப் பேருக்கு மேல், பள்ளிப் பிள்ளைகள் உள்பட, அதில் படித்திருக்கிறார்கள். அங்கே சொல்லிக் கொடுப்பது மூன்றே பேச்சு: திடுக்கிட வைக்காதே, அவசரப்படுத்தாதே, அவர் மானத்தைக் குறைக்காதே.

இதற்குப் பெரிய படிப்பும் தேவையில்லை. கேரளத்தில் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குச் சில மணி நேரம் மட்டும் பயிற்சி கொடுத்து, தங்கள் வட்டாரத்தில் இந்நோய் இருக்கலாம் என்று தோன்றுபவர்களைக் குறித்துவரச் சொன்னார்கள். அவர்கள் குறித்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு நோய் இருப்பதை டாக்டர்கள் உறுதி செய்தனர். 2002-ல் அந்த ஆய்வு வெளிவந்தது.

ஜோகூரில் சுமார் 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. நலக்கல்வி என்று ஒரு பாடமும் இருக்கிறது. பல் விளக்குவதையும் கொசுவை ஒழிப்பதையும் படிக்கும் பிள்ளை இதையும் படிக்கலாம். பரீட்சைக்கு இன்னொரு பாடமாக்கி அவர்கள் தலையில் சுமத்த வேண்டாம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு சனிக்கிழமை காலையை ஒதுக்கினால் போதும். கேட்ட கேள்வியையே பாட்டி பத்துத் தடவை கேட்டாலும், பத்தாவது தடவையும் முதல் தடவை மாதிரியே பதில் சொல்லலாம் என்பதை நாடகமாக நடித்துக் காட்டலாம். இது தொத்து நோயல்ல, பாட்டியைக் கட்டிப்பிடித்தால் ஒட்டாது, நீ சொன்ன பேச்சுக் கேட்காததால் வந்ததுமல்ல என்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் மனத்துக்குள் அப்படித்தான் பயந்துகொண்டிருக்கும்.

செம்பனைக் காட்டில் எல்லா நிரையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நல்ல நினைவுள்ளவருக்கே வழி தப்பும். தாத்தா தனியாகக் காட்டுப் பக்கம் நடந்தால் பின்னாலிருந்து கத்தக் கூடாது, கூட்டம் போடக் கூடாது. முன்னால் வந்து, "தாத்தா, எங்க போறீங்க? நானும் வரேன்" என்று மெதுவாகக் கேட்டு, ஒரு பிள்ளை கூடவே நடக்க, இன்னொரு பிள்ளை ஓடிப்போய்ப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். இதைத் திடலில் நாலு தடவை செய்து பார்த்தால் மறக்காது.

இடைநிலைப் பள்ளி மாணவர்களுக்கு இன்னும் கொஞ்சம் சொல்லலாம். 2024-ல் உலக நிபுணர் குழு ஒன்று, தவிர்க்கக்கூடிய 14 காரணங்களைக் கவனித்தால் இந்நோயில் 100-க்கு 45 பங்கைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்று அறிவித்தது. இரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், புகைபிடித்தல், மிதமிஞ்சிய குடி, தலையில் அடிபடுதல், காது கேளாமை, தனிமை ஆகியவை அவற்றில் சில. மோட்டார் சைக்கிளில் தலைக்கவசம் போடாமல் பறக்கும் பையனுக்கும், சம்சுவைத் தொட்டுப் பார்க்கும் பையனுக்கும் இது அவனைப் பற்றிய பாடம். அதே சமயம், பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முழுவதையும் பிள்ளைகள் மேல் போட்டுவிட்டுப் பெரியவர்கள் ஒதுங்கக் கூடாது. பிள்ளை கவனித்துச் சொல்லட்டும். பார்த்துக்கொள்வது பெரியவர்கள் வேலை.

பிள்ளை வந்து சொன்னால் முதலில் அரசாங்க சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். தைராய்டுக் கோளாறு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் விளைவு ஆகியவையும் மறதி நோய் போலவே தோற்றம் காட்டும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அல்ஸைமர் நோயை முற்றாகக் குணமாக்கும் மருந்து இல்லை. ஆனால் சிலருக்குச் சில காலம் நிலைமையைத் தாங்கிப் பிடிக்கும் மாத்திரைகள் உண்டு. போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மருந்தையும், நாட்டு மருந்து உள்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எப்போதிருந்து, என்னென்ன மாறியது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பகலில் கூட இருக்கும் பிள்ளையையும் அழைத்துப் போனால் நல்லது; டாக்டர் கேட்பதில் பாதிக்கு அதுதான் பதில் சொல்லும்.

ஒன்று மட்டும் தனியாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறதி நோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல வருவது. நேற்றுவரை நன்றாயிருந்தவர் ஒரே நாளில் உளறினாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் மயங்கினாலோ, வாய் கோணிக் கை விழுந்தாலோ அது வேறு. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, சர்க்கரை இறங்கிப் போதல், பக்கவாதம் என்று எதுவாகவும் இருக்கலாம். அப்போது கிளினிக் திறக்கும் வரை காத்திருக்காமல், இரவானாலும் நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். வண்டி இல்லாவிட்டால் 999-ஐ அழையுங்கள்.