தாயின் தட்டில் இல்லாதது பிள்ளைக்கு ஏது?

நம் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபோன குடும்பங்களிலும் புலால் மறுத்தல் புதிதல்ல. புரட்டாசி விரதமும் காவடி நோன்பும் நாம் அறிந்தவையே. இப்பொழுது பால், தயிர், நெய், முட்டை ஆகிய அனைத்தையும் விலக்கி, மரஞ்செடி தரும் உணவை மட்டும் உண்போரும் நம்மிடையே உள்ளனர். அந்தக் கொள்கை சரியா, தவறா என்று வாதிடுவது என் நோக்கமன்று. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு குழந்தை பிறந்தால், அதன் வயிற்றுக்கும் வளர்ச்சிக்கும் என்ன வேண்டும் என்பதே கேள்வி.

நம் மாநிலம் கண்ட உண்மை

உணவில் ஒரு துளிப் பொருள் குறைந்தாலும் உயிருக்கே ஆபத்து வரும் என்பதற்கு நம் நெகிரி செம்பிலானே சாட்சி. நூறு ஆண்டுகளுக்கு முன் பெரிபெரி நோய் மலாயாவில் ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. தீட்டிய பச்சரிசி உண்டவர்களை அந்நோய் பிடித்தது. புழுங்கலரிசி உண்ட தமிழர்களை அது பெரிதும் அணுகவில்லை. இம்மாநிலத்தில் பணியாற்றிய டாக்டர் பிராடன் இதைக் கவனித்து 1907இல் நூலாக எழுதினார். அதே ஆண்டில் டாக்டர்கள் பிரேசரும் ஸ்டாண்டனும் டுரியான் திப்பூஸ் காட்டில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதைச் சோதித்தனர். பச்சரிசி உண்ட பிரிவில்தான் நோய் தோன்றியது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதுதான் நம் முன்னோரைக் காத்தது.

அந்நாளில் பிலிப்பைன்ஸ் தீவுகளில் பால்குடிக் குழந்தைகளும் பெரிபெரியால் இறந்தன. தாய் உண்ட சோற்றில் இல்லாத சத்து, அவள் பாலிலும் இல்லாமற் போயிற்று.

வேலூரில் ஆறு குழந்தைகள்

புழுங்கலரிசி தராத சத்தும் ஒன்று உண்டு. அதுவே பி12. இதை நுண்ணுயிர்கள்தாம் உண்டாக்குகின்றன. இறைச்சி, மீன், முட்டை, பால் வழியாக அது நமக்கு வருகிறது. கீரையிலோ பருப்பிலோ அது கிடைக்காது. தெம்பேயையும் நம்ப முடியாது.

1962இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஆறு குழந்தைகளைப் பற்றி லான்செட் என்னும் மருத்துவ ஏட்டில் எழுதினர. தாய்மார் சைவ உணவினர். குழந்தைகள் தாய்ப்பாலில் வளர்ந்தவை. அக்குழந்தைகள் சோர்ந்து கிடந்தன; கற்றதை மறந்தன; இரத்தம் குறைந்தது; தோல் கருத்தது; கைகால்கள் தாமாகவே நடுங்கின. பி12 கொடுத்ததும் தேறின.

பெரியவர் உடலில் பி12 பல ஆண்டுகளுக்குச் சேமிப்பாக இருக்கும். ஆகவே தாய் நலமாகவே தோன்றுவாள். பிள்ளையின் சேமிப்போ சில மாதங்களில் தீர்ந்துவிடும். கண்டுபிடிக்கத் தாமதமானால் மூளைக்கு நேரும் குறை நிலைத்துவிடவும் கூடும்.

சிரித்து விளையாடிய பிள்ளை சிரிப்பை மறந்தால், நின்ற தலை மீண்டும் தொங்கினால், "கண் பட்டுவிட்டது" என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். திருநீறு இடுங்கள், அன்றே கிளினிக்கிற்கும் கொண்டு போங்கள். தாயின் உணவு இன்னது என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமற் சொல்லுங்கள்.

தாய் செய்ய வேண்டியது

கருவுற்ற நாள் முதல் பாலூட்டும் காலம் முழுவதும் பி12 மாத்திரை எடுக்க வேண்டும். கிளினிக்கில் தரும் இரும்பு, போலிக் மாத்திரையே போதுமென்று எண்ண வேண்டாம். போலிக் மாத்திரை சோகையை மறைக்கலாம். நரம்புக் கேட்டைத் தடுக்காது. அதில் பி12 உண்டா என்று தாதியிடம் கேளுங்கள். பிள்ளைக்கும் சொட்டு மருந்து வேண்டுமா, எவ்வளவு என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். சமையலுக்கு அயோடின் கலந்த உப்பை வாங்குங்கள்.

பிள்ளைக்கு ஊட்ட வேண்டியது

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும். அது கிடைக்காவிட்டால், குழந்தைகளுக்கென்றே செய்த சோயா மாவுப்பாலை மருத்துவரைக் கேட்டுக் கொடுக்கலாம். கடையில் விற்கும் சோயாத் தண்ணீர், தேங்காய்ப்பால், அரிசிக் கஞ்சித் தண்ணீர் ஆகியவை தாய்ப்பாலுக்கு ஈடாகா. இனிப்பு டின்பாலை எவரும் கொடுக்கக் கூடாது. அதனால் குழந்தைகள் மாள்வதைக் கண்ட டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், 1939இலேயே சிங்கப்பூரில் அதைக் கொலை என்று கண்டித்துப் பேசினார்.

ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு திட உணவும் தொடங்க வேண்டும். குழந்தையின் வயிறு சிறியது. நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்புமேயன்றி வலுவைத் தராது. கரண்டியைச் சாய்த்தாலும் வழியாத பதத்தில் கஞ்சி இருக்கட்டும்.

புழுங்கலரிசியுடன் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, மசித்து, ஒரு சிறு கரண்டி எண்ணெய் சேர்க்கலாம். கேழ்வரகுக் கூழ், மசித்த தவ்ஹு, தெம்பே, முருங்கைக்கீரை ஆகியவற்றையும் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். நிலக்கடலையை நைசாக அரைத்துக் கலக்க வேண்டும். முழுக்கடலை மூச்சுக்குழாயை அடைத்துவிடும். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் ஒட்ட, பப்பாளியோ கொய்யாவோ மசித்து உடன் கொடுங்கள். தேநீர் அந்தச் சத்தைத் தடுக்கும். ஆகவே பிள்ளைக்கு வேண்டாம். ஒரு வயது வரை தேனும் கூடாது.

முதலில் நாளைக்கு இரண்டு மூன்று வேளை, ஒன்பது மாதத்திற்குப் பின் மூன்று நான்கு வேளை ஊட்டலாம். இவ்வளவு செய்தாலும், தாவர உணவு மட்டுமே உண்ணும் பிள்ளைக்குச் சத்து சேர்த்த உணவோ சொட்டு மருந்தோ இன்றியமையாதது.

தாய் வேலைக்குப் போகும் வீடுகளில் பாட்டியோ ஆயாவோதான் பிள்ளைக்கு ஊட்டுகிறார். இக்கட்டுரையை அவருக்கும் படித்துக் காட்டுங்கள். கிளினிக் குறிப்பிடும் நாளில் தவறாமல் பிள்ளையை நிறுத்துப் பாருங்கள்; எடைக்கோடு மேலே ஏறுகிறதா என்று கேட்டு வாருங்கள்.

தாய்மார்களே! நோன்பு உங்கள் விருப்பம். அதைத் தானே தேர்ந்துகொள்ளும் வயது பிள்ளைக்கு இன்னும் வரவில்லை. அதுவரை அதன் தட்டில் எதுவும் குறையாமற் பார்ப்பது நம் கடமை.