சர்வருக்குள் வேண்டும் வேலி

பருத்தி ஏலத்துக்கும் முருங்கைக்கும் பெயர்பெற்ற ஊர் மூலனூர். திருப்பூரின் பின்னலாடைத் தொழில் அந்நகரின் எல்லைக்குள் அடங்காமல் காங்கயம், தாராபுரம், வெள்ளக்கோவில் என்று விரிந்தபோது, எங்கள் பகுதிக்கும் தையல் கூடங்கள் வந்தன. அப்படிப்பட்ட ஒன்றில் கணினிப் பிரிவைக் கவனித்துக்கொள்வது என் வேலை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கேமராவைச் சரிசெய்ய வந்தவர் தன் மடிக்கணினியை எங்கள் வலைப்பின்னலில் இணைத்தார். அதில் என்ன இருந்தது என்பது அவருக்கும் தெரியாது. மறுநாள் காலை வருகைப் பதிவு, சம்பளக் கணக்கு, ஏற்றுமதி ஆவணங்கள் ஆகிய அனைத்தும் திறக்க முடியாதபடி பூட்டப்பட்டிருந்தன. திறவுகோலுக்கு விலை கேட்டு ஒரு கடிதம் திரையில் நின்றது.

அன்று சனிக்கிழமை, வாரச் சம்பள நாள். ஒரு தொகையை முன்பணமாகக் கொடுத்து அனைவரையும் அனுப்பிவைத்தார்கள். மேற்பார்வையாளர்களின் குறிப்பேடுகளைப் பார்த்துக் கணக்கை மீண்டும் எழுத இரண்டு வாரங்கள் ஆயின. குறிப்பேட்டில் ஏறாத மிகைநேர வேலைக்குச் சான்று இல்லை என்று சிலருக்குக் கூலி குறைந்தது. “ஏனுங்க, கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னா நாங்க செஞ்ச வேலையுமா கெட்டுப்போச்சு?” என்று ஒரு பெண் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் தவறு கேமரா சரிசெய்ய வந்தவருடையது மட்டுமன்று. கேமராவும் சம்பளக் கணக்கும் ஒரே வலைப்பின்னலில் இருக்கும்படி அமைத்தவன் நான். காப்புப் பிரதி எடுக்கும் வட்டையும் அதே வலைப்பின்னலில்தான் மாட்டியிருந்தேன். அதுவும் பூட்டப்பட்டுவிட்டது.

ஒரே தெருவில் எல்லா வீடுகளும்

ஒரு வலைப்பின்னலில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி உண்டு. 192.168.1.25 என்பது போன்ற நான்கு எண்களை நாம் பார்த்திருப்போம். கணினிக்கு அது 32 இருமக் குறிகள் கொண்ட ஒரே எண். அதன் முற்பகுதி தெருப்பெயர், பிற்பகுதி கதவு எண் என்று வைத்துக்கொள்ளலாம். எத்தனை குறிகள் தெருவுக்கு, எத்தனை கதவுக்கு என்று பிரிப்பதே சப்நெட் கணக்கு. 24 குறிகளைத் தெருவுக்கு ஒதுக்கினால் கதவுக்கு 8 மிஞ்சும்; 256 எண்கள் கிடைக்கும். முதல் எண் தெருவையே குறிக்கும். கடைசி எண் தெரு முழுவதற்கும் அறிவிப்புச் செய்ய உதவும். எஞ்சிய 254 எண்களைக் கருவிகளுக்குத் தரலாம். தெருவுக்கு 26 குறிகளை ஒதுக்கினால் 64 எண்கள். அவற்றில் 62 கருவிகளுக்கு.

ஒரே தெருவில் உள்ள கருவிகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்ளும். நடுவில் கேட்பார் எவருமில்லை. அடுத்த தெருவுக்குச் செல்ல வேண்டிய தரவு மட்டுமே தெருமுனை வாயில் வழியே போக வேண்டும். காவல் வைக்க முடிவது அந்த வாயிலில்தான். எங்கள் தொழிற்கூடத்தில் ஒரே தெரு. ஆகவே வாயிலும் இல்லை, காவலும் இல்லை. உள்ளே வந்த தீநிரல் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தது. 2017 மே மாதத்தில் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டிய ‘வான்னாக்ரை’ நிறுவனங்களுக்குள் இவ்வாறுதான் கணினிக்குக் கணினி தாவியது.

டெல்லியும் கூடங்குளமும்

சிறு தொழிற்கூடத்தின் அறியாமை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் முடங்கின. ஐந்து சர்வர்களில் ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நாட்டின் தலைசிறந்த மருத்துவமனையில் நோயாளிகளின் பதிவும் அனுமதியும் ஏறத்தாழ இரு வாரங்கள் காகிதத்துக்குத் திரும்பின. காரணம் குறித்து நாடாளுமன்றத்தில் மத்திய அரசு சொன்ன பதில், வலைப்பின்னல் முறையாகப் பகுக்கப்படவில்லை என்பது. தாக்குதலுக்கு ஆளாகாமல் ஒரு காப்பு சர்வர் தப்பியதால்தான் மருத்துவமனைத் தரவை மீட்க முடிந்தது.

இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் நடந்ததை இதனுடன் ஒப்பிட வேண்டும். 2019இல் இந்திய அணுமின் கழகத்தின் கணினி ஒன்றில் தீநிரல் கண்டறியப்பட்ட செய்தி வெளியானதும், கூடங்குளம் அணுமின் நிலையம் குறித்து நாடு முழுவதும் அச்சம் எழுந்தது. தீநிரல் இருந்தது உண்மையே என்று கழகம் ஒப்புக்கொண்டது. ஆனால், அது இணையத்துடன் தொடர்புள்ள நிர்வாக வலைப்பின்னலில் இருந்த ஒருவரின் கணினி என்றும், முக்கியமான உள் வலைப்பின்னல் அதிலிருந்து தனியே பிரிக்கப்பட்டிருக்கிறது என்றும் விளக்கியது. இரண்டு இடங்களிலும் தீநிரல் உள்ளே வந்தது. எய்ம்ஸில் பகுப்பு முறையாக இல்லை. கழகத்தின் விளக்கப்படி கூடங்குளத்தில் இருந்தது. தாக்குதலே நிகழாமல் தடுப்பது எவராலும் இயலாது; நுழைந்தது எவ்வளவு தூரம் போகலாம் என்பதை மட்டும் நாம் முன்கூட்டியே தீர்மானிக்க முடியும்.

கம்பியின்றிக் கட்டும் சுவர்

முன்பு ஒரு வலைப்பின்னலைப் பிரிக்க வேண்டுமென்றால் தனி ஸ்விட்ச், தனிக் கேபிள், தனி சர்வர் என்று செலவு நீளும். ‘அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்று முதலாளி சொல்வார். இன்று நிலைமை வேறு. ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை இயக்க முடிகிறது. சம்பளக் கணக்குக்கு ஒன்று, வருகைப் பதிவுக்கு ஒன்று, கேமராப் பதிவுக்கு ஒன்று. அவற்றை இணைக்கும் ஸ்விட்சும் சர்வருக்குள் மென்பொருளாகவே இருக்கிறது. தரவுப் பொதி ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணைப் பொறித்து, அந்த எண்ணுக்குரியவர்களுக்கு மட்டும் அதைக் கொண்டுசேர்ப்பது ‘விலான்’ முறை. ஒரே கம்பியில் இப்படி 4,094 தனித்தனி வலைப்பின்னல்களை ஓட்டலாம். பெரிய தரவு மையங்களுக்கு அதுவும் போதாமல் வந்த ‘விஎக்ஸ்லான்’ முறையில் 1.6 கோடிக்கும் மேல் இயலும்.

2023 நவம்பரில் விஎம்வேர் நிறுவனத்தை பிராட்காம் வாங்கியது. அதன்பின் உரிமக் கட்டண முறை மாறவே, உலகெங்கும் சிறு நிறுவனங்கள் பல, திறமூல மாற்றுகளைத் தேடத் தொடங்கின. நாங்கள் தேர்ந்துகொண்டது வியன்னாவைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று உருவாக்கிய ‘பிராக்ஸ்மாக்ஸ்’. அதில் முதலில் ஒரு மண்டலத்தை வரையறுக்கிறோம். அதற்குள் மெய்நிகர் வலைப்பின்னல்களை உருவாக்குகிறோம். ஒவ்வொன்றுக்கும் உரிய சப்நெட்டையும் வாயில் முகவரியையும் எழுதுகிறோம். எழுதியவை உடனே நடைமுறைக்கு வருவதில்லை. ‘செயல்படுத்து’ என்று ஆணையிடும் வரை அவை காத்திருக்கும். ஆணையிட்டதும் தொகுப்பிலுள்ள எல்லா சர்வர்களிலும் ஒருசேர நடைமுறைக்கு வரும். ஆகவே பொத்தானைத் தொடுமுன் ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

எங்கள் திட்டம் எளியது. கணக்குப் பிரிவு 192.168.10, வருகைப் பதிவு 20, கேமரா 30, இயந்திரங்கள் 40, விருந்தினரின் வைஃபை 50. விலான் எண்ணும் அதுவே என்று வைத்துக்கொண்டதால், இரவு இரண்டு மணிக்கு எழுப்பிக் கேட்டாலும் எந்த எண் எந்தப் பிரிவு என்று சொல்ல முடிகிறது. கேமரா போன்ற வெளிக்கருவிகளுக்கு மட்டும் விலான் எண்ணை அறியும் ஸ்விட்ச் தேவைப்பட்டது. சாதாரண ஸ்விட்சுகளால் அது முடியாது. செலவு அதில் மட்டும்தான்.

கோடு வேறு, வேலி வேறு

இங்கேதான் நான் இரண்டாவது தவற்றைச் செய்தேன். ஐந்து தெருக்களையும் வகுத்து முடித்த மகிழ்ச்சியில், கேமரா வலைப்பின்னலில் இருந்து கணக்கு சர்வரை அழைத்துப் பார்த்தேன். உடனே பதில் வந்தது. தெருக்களைப் பிரித்த நான், தெருமுனை வாயிலை அகலத் திறந்துவைத்திருந்தேன். ஒரு தெருவில் இருந்து இன்னொன்றுக்குத் தரவைக் கொண்டுசேர்ப்பதுதான் ரௌட்டரின் இயல்பான பணி. யாரை விடக் கூடாது என்று நாம் சொல்லாதவரை அது எல்லோரையும் விடும்.

மூலனூர், காங்கயம் பகுதிகளில் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலங்கள் உண்டு. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் வளரும் அந்நிலங்களைக் கிளுவை உயிர்வேலி சூழ்ந்திருக்கும். மாடுகளை ஒரு காட்டில் மேயவிட்டு, மற்றொன்றைத் துளிர்க்க விடுவார்கள். நிலத்தின் எல்லையைப் பத்திரம் சொல்லும். மாட்டைத் தடுப்பது பத்திரம் அன்று, கிளுவை. சப்நெட் என்பது பத்திரத்தில் உள்ள எல்லைக் கணக்கு. விலான்தான் வேலி. ஃபயர்வால் விதி அந்த வேலியில் உள்ள படல். மூன்றில் ஒன்று குறைந்தாலும் காடு காடாக இருக்காது. விலான் இல்லாமல் சப்நெட்டை மட்டும் பிரித்தால், ஒருவர் தன் கணினியின் முகவரியை மாற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குள் நுழைந்துவிடலாம்.

‘எதற்கும் அனுமதி இல்லை’ என்பதை முதல் விதியாக எழுதிவிட்டு, தேவையானவற்றை மட்டும் ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கினோம். எந்தக் கருவி எதனுடன் பேச வேண்டும் என்ற பட்டியலைத் தயாரிக்க மூன்று வாரங்கள் பிடித்தன. அது எந்தக் கையேட்டிலும் இல்லை. காசாளர், காவலாளி, பேக்கிங் பிரிவினர் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது. ஒருநாள் பெட்டிகளுக்குப் பட்டைக்குறி அச்சிடும் கருவி நின்றுவிட்டது. அதன் பெயர் பட்டியலில் விடுபட்டிருந்தது. “எல்லாத்தையும் தொறந்து உடுங்க சார், லோடு போகோணும்” என்றார் மேலாளர். அவருடைய அவசரம் நியாயமானது. ஆனால் அன்று ‘இப்போதைக்கு’ என்று திறக்கப்படும் படல், பிறகு மூடப்படுவதேயில்லை. அரை மணி நேரம் தேடி, அந்தக் கருவிக்கு உரிய ஒரே வழியை மட்டும் திறந்தோம். லோடு போய்ச் சேர்ந்தது.

எல்லாம் ஒரே பெட்டியில் இருப்பதால் வரும் ஆபத்தையும் சொல்ல வேண்டும். மெய்நிகர் கணினிகளை ஆளும் நிர்வாகப் பக்கம் ஒருவர் கையில் சிக்கினால், அத்தனை கணினிகளும் அவர் கையில். 2023 பிப்ரவரியில் உலகெங்கும் ஆயிரக்கணக்கான விஎம்வேர் சர்வர்கள் நேரடியாகப் பூட்டப்பட்டன. பயன்படுத்தப்பட்ட ஓட்டைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே திருத்தம் வெளிவந்திருந்தது. திருத்தாத சர்வர்கள் இணையத்துக்கு முகம் காட்டி நின்றன. ஆகவே நிர்வாகப் பக்கத்துக்கென்று தனித் தெரு வேண்டும். அது இணையத்துக்குத் தெரியக் கூடாது. காப்பு சர்வருக்கும் தனித் தெருவும் தனிக் கடவுச்சொல்லும் வேண்டும். அது மற்றவற்றிடம் சென்று தரவை எடுத்துக்கொள்ளலாம்; மற்றவை அதனிடம் போகக் கூடாது.

ஊர்கூடிச் செய்ய வேண்டியது

இணையத் தாக்குதல் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும் என்று மத்திய அரசின் ‘செர்ட்-இன்’ அமைப்பு 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. தனிநபர் தரவைக் காக்க நியாயமான பாதுகாப்பு நடவடிக்கைகளை எடுக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க 2023ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. தொழிலாளரின் கைரேகையும் வங்கிக் கணக்கும் தனிநபர் தரவுதான். ஆனால், வெளிநாட்டு வாங்குநர்களின் சார்பில் எங்கள் கூடத்துக்கு வந்த தணிக்கையாளர்கள் தீயணைப்புக் கருவியையும் அவசர வழியையும் பார்த்தார்களே தவிர, கேமராவும் சம்பளக் கணக்கும் ஒரே தெருவில் இருக்கின்றனவா என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஒவ்வொரு சிறு கூடமும் வலைப்பின்னல் வல்லுநர் ஒருவரை வேலைக்கு வைத்துக்கொள்ள முடியாது என்பது உண்மை. அதற்கும் இந்தப் பகுதியில் முன்மாதிரி உண்டு. சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்தபோது, தனித்தனியே சுத்திகரிக்க இயலாத சாய ஆலைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தன. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆலைகளை மூட ஆணையிட்ட கசப்புக்குப் பிறகே பலர் முழுமையாக வழிக்கு வந்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அதுபோல, பத்து இருபது கூடங்கள் சேர்ந்து ஒரு வல்லுநரை அமர்த்தலாம். தொழில் அமைப்புகள் மாதிரித் திட்டம் ஒன்றைத் தமிழில் வெளியிடலாம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இதைப் பயிற்சியாகத் தரலாம். இந்த முறை நீதிமன்ற ஆணைக்கோ, இன்னொரு சனிக்கிழமைக்கோ காத்திருக்க வேண்டியதில்லை.

எங்கள் கூடத்தில் இப்போது மாதத்தின் முதல் திங்கள்கிழமை ஒரு வேலை செய்கிறேன். கேமரா வலைப்பின்னலில் ஒரு மடிக்கணினியை இணைத்து, அங்கிருந்து சம்பளக் கணக்கு சர்வரை அழைத்துப் பார்க்கிறேன். பதில் வருவதில்லை. வாரம் முழுவதும் தைத்தவர்களின் கூலிக் கணக்கு அந்தப் பக்கம் பத்திரமாக இருக்கிறது என்று அதற்குப் பொருள்.