மருந்துத் தேடலில் மகளிர் எங்கே?

இந்தியாவுக்குள் எச்.ஐ.வி. நுழைந்துவிட்டது என்ற செய்தியை நாட்டுக்கு முதலில் உணர்த்தியது பெண்களின் ரத்தம்தான். 1986-ஆம் ஆண்டு, சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட பெண்களிடமிருந்து ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். போதிய வசதி இல்லாததால் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே அவற்றைப் பாதுகாத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்த சோதனையில் ஆறு மாதிரிகளில் நோய்த்தொற்று தெரியவந்தது.

நோயைக் கண்டறியப் பெண்ணின் ரத்தம் பயன்பட்டது. அந்த நோயை முற்றிலும் நீக்கும் வழியைத் தேடும் ஆய்வுகளிலோ பெண்ணைக் காண்பது அரிதாக இருக்கிறது. உலகில் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்களும் சிறுமியரும். இந்தியாவில் அவ்வாறு வாழும் சுமார் 25 லட்சம் பேரில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் பெண்கள். ஆனால், அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வறிக்கை, மருந்துச் சோதனைகளில் பங்கேற்றோரில் பெண்கள் சுமார் 19 விழுக்காடு, தடுப்பூசிச் சோதனைகளில் 38 விழுக்காடு, நோய்நீக்க ஆய்வுகளில் வெறும் 11 விழுக்காடு என்ற இடைநிலை அளவுகளைத் தந்தது.

நோய்நீக்கம் என்பது என்ன? 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி, அரசின் இலவசக் கூட்டுமருந்துச் சிகிச்சை நாட்டின் எட்டு மையங்களில் தொடங்கப்பட்டது. அவற்றுள் ஒன்று இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை. அச்சிகிச்சை லட்சக்கணக்கான உயிர்களைக் காத்தது. எனினும் அது நோயை அடக்குகிறதே தவிர, அகற்றுவதில்லை. தீநுண்மி சில வெள்ளை அணுக்களின் மரபணுக்களுக்குள் புகுந்து உறங்குகிறது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே அது மீண்டும் விழித்தெழும். இந்த உறங்கும் இருப்பை ஒழிப்பது, அல்லது மாத்திரை இல்லாமலே உடல் அதைக் கட்டுக்குள் வைக்கச் செய்வது என்பதுதான் இன்றைய தேடலின் இலக்கு.

இதில் பெண்ணின் உடல் வேறுவிதமாக நடந்துகொள்வதற்கான சான்றுகள் உள்ளன. தொற்றின் தொடக்க காலத்தில் பெண்களின் ரத்தத்தில் தீநுண்மியின் அளவு ஆண்களைவிடக் குறைவாகக் காணப்படுவது நெடுங்காலமாக அறியப்பட்டதே. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மைச் சுரப்பு, உறங்கும் தீநுண்மியை எழவிடாமல் தடுப்பதில் பங்காற்றுகிறது என்பதை 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. உறங்கும் தீநுண்மியைத் தட்டி எழுப்பி அழிப்பது ஆய்வாளர்கள் கையாளும் முக்கிய உத்திகளுள் ஒன்று. எழுப்பும் மருந்து ஆணுக்கு வேலை செய்வதுபோலவே பெண்ணுக்கும் செய்யும், இருபது வயதில் செய்வதுபோலவே மாதவிலக்கு நின்ற பின்னும் செய்யும் என்று எந்த ஆதாரத்தைக் கொண்டு நம்புவது?

நம்பிக்கை தரும் முன்னுதாரணங்களில் சில பெண்களிடமிருந்தே வந்தவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 2021-இல் அறிவிக்கப்பட்ட ஆர்ஜென்டினாவைச் சேர்ந்த பெண், கருவுற்றிருந்த காலத்தில் மட்டும் சில மாதங்கள் மருந்து எடுத்துக்கொண்டவர். அவருடைய 100 கோடிக்கும் மேற்பட்ட ரத்த அணுக்களையும், மகப்பேற்றுக்குப் பின் நஞ்சுக்கொடித் திசுவின் சுமார் 50 கோடி அணுக்களையும் துருவியும் முழுமையான தீநுண்மி அகப்படவில்லை. கருவுற்ற பெண் என்றாலே ஆய்வுகளின் கதவு அடைக்கப்படும் நிலையில், அறிவியலுக்கு இத்தனை பெரிய சான்றைத் தந்தவர் ஒரு கருவுற்ற பெண்.

பெண்கள் ஏன் வருவதில்லை? கருவுக்குத் தீங்கு நேருமோ என்ற அச்சம் ஒரு காரணம். 1960-களின் தாலிடோமைடு துயரத்துக்குப் பின் பிறந்த இந்த எச்சரிக்கை நியாயமானதே. ஆனால் அதன் விளைவு வேறாக இருந்தது. 1977-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கருவுறக்கூடிய பெண்கள் அனைவரையும் தொடக்கநிலைச் சோதனைகளிலிருந்து விலக்கி வைக்கப் பரிந்துரைத்தது. 1993-இல்தான் அதை மாற்றிக்கொண்டது. ஆய்வில் சேர்க்காமல் விட்டதால் ஆபத்து மறையவில்லை. மருந்து கடைக்கு வந்தபின் கண்காணிப்பின்றி அதை உட்கொள்ளும் பெண்ணின் தலையில் அந்த ஆபத்து இறக்கி வைக்கப்பட்டது.

இரண்டாவது காரணம் பொருளாதாரம். அதைப் புரிந்துகொள்ள நான் வசிக்கும் சிறுசேரியே போதும். காலை ஏழு மணிக்கு இங்குள்ள சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவின் சாலையில் நின்றால், தையூர், கேளம்பாக்கம், ஏகாட்டூர் பக்கங்களிலிருந்து துப்புரவுப் பணிக்கும் உணவகப் பணிக்கும் பெண்கள் விரைந்து வருவதைக் காணலாம். இவர்களைப் போன்ற ஒரு தொழிலாளி, ஓர் ஆய்வில் சேர்ந்து வாரம் இருமுறை ரத்தம் கொடுக்கத் தாம்பரம் செல்ல வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேளம்பாக்கத்தில் பேருந்து மாறி, வண்டலூர் வழியாகப் போய்த் திரும்ப அரைநாள் ஆகும். வாரத்தில் இரண்டு அரைநாள் கூலி போகும். மேற்பார்வையாளருக்கு ஒரு காரணம், வீட்டில் மாமியாருக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். பள்ளிவிட்டு வரும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நோயைப் பற்றி ஊரார் அறிந்தால் வாடகை வீடும் போகலாம்.

பொருளியலில் இதனை வாய்ப்புச் செலவு என்போம். ஆய்வின் வரவுசெலவுத் திட்டத்தில் மருந்துக்கும் கருவிக்கும் ஒதுக்கீடு இருக்கும். இந்தச் செலவுக்குப் பெரும்பாலும் இருக்காது. அதைப் பங்கேற்பாளரே சுமக்கட்டும் என்று விட்டுவிட்டு, பெண்கள் முன்வருவதில்லை என்று எழுதுவது கணக்குப் பிழை.

இக்கணக்கைத் திருத்தியவர்கள் இருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 2012-இல் தொடங்கிய 'ஃபிரெஷ்' என்னும் திட்டம், 18 முதல் 23 வயது வரையுள்ள பெண்களை வாரம் இருமுறை வரவழைத்தது. ரத்தப் பரிசோதனைக்கு வரும் அதே நாள்களில் அவர்களுக்கு வாழ்க்கைத் திறன் பயிற்சியும் வேலைக்கான பயிற்சியும் அளிக்கப்பட்டன. பெண்கள் தொடர்ந்து வந்தனர். அதன் பயனாக, தொற்று ஏற்பட்ட சில நாள்களிலேயே கண்டறிந்து மருந்தளிக்க முடிந்தது. அத்திட்டத்தின் வழியே 20 பெண்களிடம் நடத்தப்பட்ட நோய்நீக்கச் சோதனையின் முடிவு 2025 மார்ச்சில் வெளியானது. நோய் எதிர்ப்பைத் தூண்டும் மருந்தும் இருவகை எதிர்ப்புப் புரதங்களும் பெற்று, வழக்கமான மாத்திரையை நிறுத்திய அவர்களில் 4 பேர், 55 வாரங்களில் ஆய்வு முடியும்வரை மாத்திரையைத் திரும்பத் தொடங்க நேரவில்லை. இது முழு வெற்றி அன்று. பெரும்பாலோருக்குத் தீநுண்மி திரும்பியது. ஆயினும் நமக்கு இதில் தனி அக்கறை உண்டு. இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பரவலாக உள்ளது தீநுண்மியின் 'சி' வகை. அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வுகளில் மிகுதியாக ஆராயப்பட்டது 'பி' வகை.

மாத்திரையை நிறுத்திப் பார்க்கும் சோதனையில் ஆபத்து இல்லாமல் இல்லை. அந்த இடைவெளியில் கணவருக்குத் தொற்று பரவலாம். கருவுற்றால் குழந்தைக்கும் பரவலாம். 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், தகவல் அறிந்த ஒப்புதல் இன்றி எவரையும் ஆய்வுக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது. அந்த ஒப்புதல் பெண்ணுடையதாக இருக்க வேண்டும். அவர் சார்பில் கணவரோ மருத்துவரோ முடிவெடுப்பதாக இருக்கக் கூடாது. ஆபத்தைத் தமிழில், அவருக்குப் புரியும் சொற்களில் எடுத்துரைப்பதும், எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமையைக் காப்பதும் ஆய்வாளரின் கடமை.

தமிழகத்துக்கு இதில் முன்னிற்கும் தகுதி உண்டு. 2006-இல் சென்னை சேத்துப்பட்டிலுள்ள காசநோய் ஆராய்ச்சி மையம் நடத்திய எச்.ஐ.வி. தடுப்பூசியின் முதற்கட்டச் சோதனையில் 32 தன்னார்வலர்கள் பங்கேற்றனர். 1998-இல் கௌசல்யா உள்ளிட்டோர் சென்னையில் தொடங்கிய, எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களின் கூட்டமைப்பு இந்தியாவுக்கே முன்னோடியானது. மையமும் இருக்கிறது, மக்களும் இருக்கிறார்கள். ஆய்வைத் திட்டமிடும் மேசையிலேயே இத்தகைய பெண்களுக்கு இடம் தர வேண்டும். பயணச் செலவு, இழந்த கூலி, குழந்தைப் பராமரிப்பு ஆகியவற்றை ஆய்வுச் செலவாகவே கணக்கிட வேண்டும். மாலையிலும் விடுமுறை நாளிலும் ரத்தம் எடுக்க ஏற்பாடு வேண்டும். முடிவுகளை ஆண், பெண் எனத் தனித்தனியே வெளியிடுவதை நிதியுதவிக்கு நிபந்தனையாக்க வேண்டும்.

நோய்நீக்க மருந்து என்றேனும் ஒருநாள் வரும். அன்று தாம்பரம் மருத்துவமனையின் வரிசையில் நிற்கும் பெண், 'இது எனக்கும் வேலை செய்யுமா?' என்று கேட்பார். அவருக்கு நேர்மையான விடை சொல்ல வேண்டுமானால், அதற்கான ஆய்வு இன்றே அவரையும் சேர்த்துக்கொண்டு நடக்க வேண்டும்.