விடைத்தாள் சுவரில் தொங்கும் தேர்வு

மற்ற கல்லூரி மாணவர்கள் மூன்று மணி நேரத்தில் தேர்வை எழுதி முடித்து வீடு திரும்பிவிடுவர். ஓவியமும் சிற்பமும் பயில்வோருக்கு அவ்வாறில்லை. இறுதியாண்டுப் படைப்புகளைக் காட்சிக்கு வைப்பதே அவர்களது தேர்வு.

குஜராத் மாநிலம் வதோதராவில் உள்ள மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலத்தில் இது நெடுநாளைய வழக்கம். 1950-ல் தொடங்கப்பட்ட இப்புலத்தில் என்.எஸ். பெந்த்ரே, சங்கோ சௌதுரி ஆகியோர் கற்பித்தனர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் பயின்ற கே.ஜி. சுப்ரமணியன் 1951-ல் இங்கு ஆசிரியரானார். குலாம் முகம்மது ஷேக், ஜோதி பட் போன்ற ஓவியர்கள் இங்கு உருவானவர்களே.

காட்சிக்கு முந்தைய வாரங்களில் நுண்கலை மாணவர்களுக்கு உறக்கம் குறைவு. வெண்கலச் சிற்பம் செய்பவர் மெழுகு உருவின் மீது மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி வடிந்த இடத்தில் உலோகக் குழம்பை ஊற்ற வேண்டும். வார்ப்பில் பிழை நேர்ந்தால் பல வார உழைப்பு வீண். அச்சு ஓவிய மாணவர், அமிலத்தால் அரிக்கப்பட்ட தகட்டில் மை தடவி ஒவ்வொரு படியாக அச்சிட்டு, அடியில் பென்சிலால் வரிசை எண் இடுவார். இவற்றுள் எதை வைப்பது, எதை விடுப்பது என்பதுதான் மிகக் கடினமான முடிவு.

வதோதராவில் தேர்வாளர்களுடன் பொதுமக்களும் இக்காட்சியைப் பார்ப்பது வழக்கமாக இருந்தது. 2007 மே 9-ம் தேதி அங்கு நுழைந்த சிலர், முதுநிலை மாணவர் ஒருவரின் படைப்புகள் சமய உணர்வைப் புண்படுத்துவதாக எதிர்ப்புத் தெரிவித்தனர். மாணவர் கைது செய்யப்பட்டு, சில நாள்களுக்குப் பின் ஜாமீனில் விடுவிக்கப்பட்டார். இதைக் கண்டித்து, பழங்கால இந்தியச் சிற்பங்களின் படங்களைக் கொண்டு சக மாணவர்கள் கண்காட்சி வைத்தனர். அதை மூட மறுத்த பொறுப்பு புல முதல்வர் சிவாஜி பணிக்கர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

கைதான மாணவரின் தேர்வு முடிவோ ஆண்டுகள் பல கடந்தும் வெளிவரவில்லை. 2018 பிப்ரவரியில், பல்கலைக்கழகத் துணைவேந்தர் அலுவலகத்துக்குத் தீ வைத்ததாக அவர் மீண்டும் கைது செய்யப்பட்டார். பட்டம் கேட்டுப் பதினோரு ஆண்டுகள் அலைந்ததாக அப்போது அவர் கூறினார்.

தீ வைத்ததை எவரும் நியாயப்படுத்த இயலாது. ஆயினும் அடிப்படைக் கேள்வி அப்படியே நிற்கிறது. அவர் காட்சிக்கு வைத்தது தேர்வுக்கான விடை. நல்லதோ, அல்லதோ, அதற்குரிய மதிப்பெண்ணைத் தேர்வாளர் வழங்கியிருக்க வேண்டும். தேறவில்லை என்ற பதில்கூட அவருக்குக் கிடைக்கவில்லை.