நன்னீர் இறாலைக் கண்ணாடித் தொட்டியிற் புகுத்தும் முறை

கொழும்பிலே புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை முதலிய நெருக்கமான பகுதிகளில் முற்றமில்லா வீட்டிலும் கண்ணாடித் தொட்டியொன்று வைத்தற்கு இடமுண்டு. அத்தகைய தொட்டிகளில் மீன்களோடு சிறிய நன்னீர் இறால்களும் வளர்க்கப்படுகின்றன. சீனாவையும் தாய்வானையும் தாயகமாகக் கொண்ட செரி இறால் இவற்றுள் எளிதில் வளர்வது. ஆயினும், கடையிற் சுறுசுறுப்பாய்த் திரிந்த இறால் வீட்டுக்கு வந்த சில நாட்களில் மடிவதுண்டு. நீர் தூய்மையாயிருந்தும் இவ்வாறு நிகழ்வதற்குப் பெரும்பாலும் ஒரு நீரினின்று மற்றொரு நீருக்கு இறாலைத் திடீரென மாற்றுவதே காரணமாகும்.

மாற்றம் கேடு செய்யுமாறு

இறாலின் உடற்றிரவம் அதனைச் சூழ்ந்த நன்னீரிலும் உப்பு மிக்கது. ஆதலின் நீர் இடையறாது உடலினுட் புகும். இறாலும் அதனை ஓயாது வெளியேற்றும். சூழ்ந்த நீரின் தன்மை திடீரென மாறுமாயின் இச்சமநிலை குலையும். யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கற் பாறையினின்று ஊறும் கிணற்று நீர் வன்னீர். லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களினின்றும் களனி கங்கையினின்றும் கொழும்புக்கு வரும் குழாய்நீர் மென்னீர். வன்னீரிற் பழகிய இறாலை உடனே மென்னீரில் விட்டால், அது காலமல்லாக் காலத்தில் ஓடு கழற்றத் தொடங்கி, கழற்றி முடிக்கவியலாது இறத்தல் கூடும். மென்னீர்த் தொட்டியிற் கணவாயோட்டுத் துண்டொன்றை இடுதல், புதிய ஓடு உறுதிப்படுதற்கு வேண்டிய கல்சியத்தை அளிக்கும்.

தொட்டியை ஆயத்தஞ் செய்தல்

புதிய தொட்டியில் இறாலை உடனே விடலாகாது. கழிவினின்று உண்டாகும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதனை நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியங்கள் பெருகுதற்கு 4 முதல் 6 வாரம் வரை செல்லும். சோதனையில் அமோனியாவும் நைத்திரைற்றும் அறவே காணப்படாத பின்னரே தொட்டி தகுதியுடையதாகும்.

குழாய்நீரில் உள்ள குளோரீன் இறாலுக்கு நஞ்சு. நீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுதும் காற்றூட்டி வைத்துப் பயன்படுத்துக. வெப்பமும் கவனிக்கத்தக்கது. 20 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நீர் ஏறக்குறைய 9.1 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும். 30 பாகையில் 7.6 மில்லிகிராமையே கொள்ளும். ஆகவே, கொழும்பின் வெக்கையில் இடையறாக் காற்றூட்டல் இன்றியமையாதது.

புகுத்தும் முறை

1. பையை வெயில் படாது விரைவில் வீட்டுக்குக் கொண்டுவருக.

2. விளக்கை அணைத்துப் பையைத் தொட்டி நீரில் 20 நிமிடம் மிதக்கவிடுக. இருநீரின் வெப்பமும் ஒத்துவரும்.

3. இறாலைப் பை நீரோடு தூய பாத்திரமொன்றில் ஊற்றுக. தொட்டியினின்று மெல்லிய குழாய் வழியாக விநாடிக்கு 2 அல்லது 3 துளி வீதம் நீரை விழவிடுக.

4. பாத்திரத்தின் நீர் மும்மடங்கானதும், அஃதாவது ஏறக்குறைய 2 மணி நேரத்தில், இறாலை மட்டும் வலையால் எடுத்துத் தொட்டியில் விடுக. பை நீரைத் தொட்டியில் ஊற்றலாகாது.

5. முதல் நாள் உணவு இடவேண்டா.

நெடுந்தொலைவிலிருந்து வந்த பைக்கு இவ்விதி சிறிது மாறும். மூடிய பையிற் காபனீரொட்சைட்டு மிகுவதால், சேர்ந்த அமோனியா பெரிதும் தீங்கற்ற வடிவில் நிற்கும். பையைத் திறந்ததும் அவ்வாயு வெளியேற, அமோனியா நச்சு வடிவினை அடையும். ஆதலின் அவ்விறாலைத் திறந்த பாத்திரத்தில் நெடுநேரம் வைத்தல் தகாது. துளிநீரை விரைவாக்கி, அரை மணி நேரத்துள் முடித்தல் நன்று.

தொட்டியில் முன்னரே இறால்கள் இருப்பின், புதியனவற்றை 2 முதல் 4 வாரம் வரை தனித்தொட்டியில் வைத்து, ஒட்டுண்ணி, நோய்க்குறி உளவோவெனப் பார்த்த பின்னரே சேர்த்தல் வேண்டும்.

நஞ்சுகள்

செப்புக் கலந்த மீன் மருந்துகள் இறாலைக் கொல்லும். நுளம்புச் சுருளிலும் தெளிமருந்திலும் உள்ள பைரெத்திரொயிட்டு வகை நஞ்சுகள் மிகச் சிறிய அளவிலேயே தீங்கு விளைக்கும். காற்றூட்டும் பொறி அறைக்காற்றையே நீரினுட் செலுத்துவதாகும். டெங்குத் தடுப்புக்காகத் தெருவிற் புகையூட்டும்போது பொறியை நிறுத்தித் தொட்டியை மூடுக. புகை அகன்றதும் தாமதியாது திறந்து இயக்குக.

வாய்க்கால்களுக்குத் தீங்கு செய்யாமை

வேண்டாத இறாலையோ தொட்டி நீரையோ வாய்க்காலிலும் பேரை வாவியிலும் விடலாகாது. இலங்கையின் நன்னீர்நிலைகளுக்கு உரிய சிற்றிறால்கள் பல உள. அவற்றை ஆராய்ந்து அருட்பிரகாசம், கொஸ்தா ஆகிய இருவரும் 1962ஆம் ஆண்டிற் கட்டுரை வெளியிட்டனர். உலகில் வேறெங்கும் காணப்படாத இனங்களும் இவற்றுள் உள. அயல்நாட்டு இறாலும் அதனோடு வரும் ஒட்டுண்ணியும் ஒருமுறை பரவினால், அவற்றை மீண்டும் அகற்றுதல் அரிது. மிகுதியானவற்றை வளர்ப்போர் பிறருக்குக் கொடுத்தலே தக்கது.